ஒரே கட்டடம், நான்கு பள்ளிகள்

ஜூன் பிறந்துவிட்டால் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் சால்தோறும் ஒரே பேச்சுதான். "பிள்ளையை எங்கே சேர்த்திருக்கீங்க?" "அந்த ஸ்கூல் எப்படி?" "டொனேஷன் எவ்வளவு?" இந்த மூன்று கேள்விகளில் மூன்றாவதற்கு மட்டும்தான் சரியான விடை கிடைக்கிறது. மற்ற இரண்டுக்கும் வருகிற விடை பெரும்பாலும் வதந்தி. "நல்ல ஸ்கூல்தான், டை கட்டுறாங்க" என்கிறார் ஒருவர். "வேணாம், அங்கே நம்ம ஆளுங்க கம்மி" என்கிறார் இன்னொருவர். டையையும் ஆளையும் வைத்துப் பள்ளியை அளக்கிற வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது.

தனியார் பள்ளியைப் பற்றிச் சொல்ல அதன் விளம்பரப் பலகை இருக்கிறது. முனிசிபல் பள்ளியைப் பற்றிச் சொல்ல யார் இருக்கிறார்கள்? அங்கே பிள்ளைகளை அனுப்புகிற நாம்தான் இருக்கிறோம். சங்கத்துக்கு வந்து கேட்கிற தாய்மார்களிடம் வாயால் சொல்லி வருவதை இங்கே எழுத்தில் வைக்கிறேன். இதை ஒப்புக்கொள்ளாத தோழர்கள் அடுத்த இதழில் எழுதட்டும்.

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம். இது யாரோ மனமிரங்கிப் போட்ட பிச்சை அன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவனும், தெலுங்கு நாட்டிலிருந்து ஆலைக்கும் கட்டட வேலைக்கும் வந்தவனும் இந்த நகரத்தை உழைத்து எழுப்பினார்கள். அவர்கள் பேசிய மொழிகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, அவ்வளவுதான். மாட்டுங்காவில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் குடியேறிய படித்த தென்னிந்தியர்கள் 1932இலேயே தென்னிந்தியக் கல்விச் சங்கம் அமைத்துத் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி கண்டுகொண்டார்கள். அவர்களுக்கு வசதி இருந்தது, செய்தார்கள்; குற்றமில்லை. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் தோல் கிடங்கில் நின்றவன் பிள்ளைக்கு முனிசிபல் பள்ளியே கதி. இன்றும் அதுதான் நிலைமை. ஆகவே அந்தப் பள்ளி நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்பது நமக்கு வயிற்றுப் பிரச்சினைக்குச் சமமான பிரச்சினை.

நம் பகுதியில் ஒரே முனிசிபல் கட்டடத்துக்குள் மூன்று, நான்கு மொழிப் பள்ளிகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஒரு கட்டடத்தைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், எதுவென்று அங்கே பிள்ளையை அனுப்புகிறவர்கள் கண்டுகொள்வார்கள்.

வாசல் ஒன்று. வாட்ச்மேன் ஒருவர். தண்ணீர்த் தொட்டி ஒன்று. மதியம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கிச்சடி. சீருடை, பை, நோட்டு, காலணி என்று மாநகராட்சி இலவசமாகக் கொடுக்கிற 27 பொருள்களும் எல்லோருக்கும் ஒன்றே. ஆனால் மாடிப்படி ஏறினால் நான்கு நாடுகள். கீழ்த்தளத்தில் இந்திப் பள்ளி. பெஞ்சுக்கு மூன்று பேர், சில பெஞ்சில் நான்கு பேர். ஆசிரியர் இருக்கிறார், ஆனால் கடைசி பெஞ்சுப் பையனின் பெயர் அவருக்குத் தெரிவதற்குள் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும். முதல் மாடியில் மராத்திப் பள்ளி. வகுப்புக்கு ஓர் ஆசிரியர், பிள்ளைகள் குறைவு, சுவரில் படங்கள், காற்று வருகிறது. அதற்கு எதிரே ஆங்கிலப் பள்ளி. சேர்க்கைக்கு வாசலில் வரிசை நிற்பது அங்கே மட்டும்தான். இரண்டாம் மாடியில் தமிழ்ப் பள்ளி. மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கின்றன. கரும்பலகையின் நடுவே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு. இடது பக்கம் மூன்றாம் வகுப்புக் கணக்கு, வலது பக்கம் நான்காம் வகுப்புக் கணக்கு. அம்மையார் ஒருவரே இரண்டு பக்கமும் எழுதுகிறார். வாக்காளர் பட்டியல் வேலைக்கு அவர் போய்விட்டால் அந்தக் கோடும் கிடையாது, கணக்கும் கிடையாது.

அந்த அம்மையாரை நான் குறை சொல்ல மாட்டேன். எந்தப் பிள்ளையின் தகப்பன் குடிக்கிறான், எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்பதுவரை அவருக்குத் தெரியும். இப்படி ஆனதற்குக் காரணம் சட்டத்தின் கணக்கிலேயே இருக்கிறது. 2009இல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்கிறது. 61 முதல் 90 வரை மூன்று பேர். வகுப்புகளோ ஐந்து. பிள்ளைகள் நிரம்பிய பள்ளிக்கு இந்தக் கணக்கு பாதுகாப்பு. பிள்ளைகள் குறைந்த பள்ளிக்கு இதே கணக்கு தூக்குக் கயிறு. பிள்ளை குறைந்தால் ஆசிரியர் குறைகிறார். ஆசிரியர் குறைந்தால் படிப்பு குறைகிறது. படிப்பு குறைந்தது என்று இன்னும் இரண்டு தாய்மார்கள் பிள்ளைகளை எடுத்துப் போகிறார்கள். மறுபடியும் பிள்ளை குறைகிறது. தமிழ்ப் பள்ளியை மூடும்படி யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. இந்தச் சக்கரம் சுற்றினாலே போதும்.

ஒரே கூரையின்கீழ், ஒரே நிர்வாகத்தின்கீழ், ஒரே வரிப்பணத்தில் நடக்கிற நான்கு பள்ளிகளில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது இவ்வளவு வேறுபடுகிறது என்றால், "முனிசிபல் ஸ்கூல் நல்லதா கெட்டதா" என்ற கேள்வியே தவறு. எந்த மாடி, எந்த வகுப்பு, எந்த ஆசிரியர், அங்கிருந்து எங்கே போகலாம் என்று கேட்க வேண்டும்.

அப்படியானால் எதை வைத்து ஒப்பிடுவது? படிக்காத தாயும் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. நீங்கள் சேர்க்க நினைக்கிற பள்ளியில் ஏற்கனவே மூன்றாம் வகுப்பு படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். தமிழ்ப் பள்ளிப் பிள்ளை என்றால் இந்த இதழையே கையில் கொடுத்து நாலு வரி வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்ததற்கு என்ன பொருள் என்று கேளுங்கள். ஆங்கிலப் பள்ளிப் பிள்ளையிடம் அதன் பாடப்புத்தகத்தையே கொடுங்கள். ஆனால் அது மனப்பாடமாக ஒப்பிக்காத பக்கமாகப் பார்த்துக் கொடுங்கள். இப்படி நான்கைந்து பிள்ளைகளைக் கேட்டால் போதும். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் பிள்ளை பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்று மத்திய அரசே 2021இல் நிபுண் பாரத் என்று ஒரு திட்டம் போட்டிருக்கிறது. நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை.

அடுத்து, பள்ளிக்கு நேரில் போங்கள். சேர்க்கை நாளில் போகாதீர்கள், அன்று எல்லாம் அலங்காரமாக இருக்கும். ஆகஸ்டில், மழை கொட்டுகிற நாளில் போங்கள். எத்தனை வகுப்பில் ஆசிரியர் நிற்கிறார், பெண்பிள்ளைகள் கக்கூசில் தண்ணீர் வருகிறதா, அறை ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்கத்தில் யூடைஸ் எண் உண்டு. எத்தனை ஆசிரியர், எத்தனை பிள்ளை, எத்தனை அறை என்று பள்ளியே அரசுக்குக் கொடுத்த கணக்கை அந்த எண்ணைக் கொண்டு செல்பேசியில் பார்க்கலாம். கணக்கில் ஐந்து ஆசிரியர் இருந்து, கண்ணுக்கு மூன்று பேர் தெரிந்தால், மீதி இரண்டு பேர் எங்கே என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நம் இளைஞர்கள் செல்பேசியில் பார்க்கிற எத்தனையோ வேண்டாத சங்கதிகளுக்கு நடுவே இதையும் பெற்றோருக்குப் பார்த்துச் சொல்லலாம்.

மூன்றாவதாகச் சொல்வதைத்தான் நம்மவர்கள் கேட்பதே இல்லை. இந்தப் பள்ளி எத்தனையாம் வகுப்போடு நின்றுவிடுகிறது? அதற்குப் பிறகு இதே மொழியில் படிக்க வழி எங்கே? தமிழ் வழியில் பத்தாம் வகுப்புவரை கொண்டு போகிற மாநகராட்சிப் பள்ளிகள் இந்த நகரத்தில் மிகச் சில. எட்டாம் வகுப்பில் மொழி மாறுகிற பிள்ளைக்கு அறிவியலும் கணக்கும் ஒரே நாளில் அந்நிய பாஷை ஆகிவிடுகின்றன. பையன் என்றால் பட்டறைக்குப் போய்விடுகிறான். பெண் என்றால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு நின்றுவிடுகிறாள். ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறவன் என்பதால் இதன் விலை எனக்குத் தெரியும். ரயில்வே தேர்வு வாரியத்தின் தேர்வைத் தமிழ், மராத்தி உள்பட 15 மொழிகளில் எழுதலாம். மொழி அங்கே தடையே இல்லை. தண்டவாளத்தைப் பராமரிக்கிற கடைநிலை வேலைக்கே பத்தாவது தேறியிருக்க வேண்டும், அல்லது ஐ.டி.ஐ. முடித்திருக்க வேண்டும். எட்டாவதோடு நின்றவன் மனுவே போட முடியாது. 2023இல் இருந்து இந்த மாநிலத்தில் ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் ஆண்டுத் தேர்வு வைத்து, தேறாதவர்களை மறுதேர்வுக்குப் பிறகு நிறுத்தி வைக்கலாம் என்றும் ஆகியிருக்கிறது. ஆக, எட்டாம் வகுப்பு வாசலில் நம் பிள்ளைகளுக்கு இரண்டு பள்ளங்கள்.

தனியார் இங்கிலீஷ் மீடியம் பற்றி இரண்டு வார்த்தை போதும். நல்லவையும் இருக்கின்றன. ஆனால் தகரக் கூரைக்கடியில் இரண்டு அறை, வாசலில் ஒரு புனிதரின் பெயர், மாதம் பிறந்தால் ஃபீஸ் என்று நடக்கிற இடங்களில் ஆசிரியைக்குக் கொடுக்கிற சம்பளத்தைக் கேட்டால் பெற்றோர்களுக்கே அழுகை வரும். அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்துவது 2009 சட்டப்படி குற்றம். அங்கீகாரமில்லாத பள்ளிகளின் பட்டியலை மாநகராட்சிக் கல்வித் துறை வெளியிடுகிறது. பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள். வீட்டு வேலைக்குப் போகும் அம்மா நான்கு வீடு துலக்கிக் கொண்டுவருகிற காசு அது.

மாநகராட்சியே நடத்துகிற புதிய பள்ளிகள் வேறு கதை. 2020இல் மாகிம் வுல்லன் மில் பள்ளியில் ஐ.சி.எஸ்.இ. பாடத்திட்டம் தொடங்கினார்கள். 2021இல் மேலும் பல இடங்களில் சி.பி.எஸ்.இ. வந்தது. நம்மவர்கள் நிறைந்த அண்டாப் ஹில் பக்கம் கானே நகரிலும் வந்தது. கட்டணம் இல்லை. மனுக்கள் குவிந்து, குலுக்கல் போட்டு இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. இதைப் பாராட்ட வேண்டும். கூலிக்காரன் பிள்ளைக்கும் அந்தப் பாடத்திட்டம் கிடைக்கும் என்று ஒரு மாநகராட்சி காட்டியிருக்கிறது. ஆனால் குலுக்கலில் பெயர் விழாத பிள்ளை என்ன பாவம் செய்தது? நல்ல பள்ளி என்பது லாட்டரிச் சீட்டாக இருக்கக் கூடாது. இன்னொன்று: அந்தப் பள்ளிகளில் மொழிப்பாடமாக மராத்தியும் இந்தியும் உண்டு, தமிழுக்கு இடமில்லை. பிள்ளை ஆங்கிலத்தில் பேசும், தாத்தாவுக்கு ஒரு கடிதம் எழுதத் தெரியாது. சி.பி.எஸ்.இ. விதியில் தமிழுக்குத் தடை இருக்கிறதா என்றால், இல்லை. அந்த வாரியத்தின் பாடப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. தலைநகரில் டில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்துகிற ஏழு பள்ளிகளும் சி.பி.எஸ்.இ. பள்ளிகள்தான், அங்கே தமிழ் கற்பிக்கிறார்கள். டில்லியில் முடிவது மும்பையில் முடியாதா? கேட்க ஆளில்லாததால் நடக்கவில்லை.

இனி நான் சொல்லப் போவது சிலருக்குக் கசக்கும். முதல் மாடியில் இருக்கிறதே அந்த மராத்திப் பள்ளி, அதைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. காரணம் எனக்குத் தெரியும். 1966இல் சிவசேனை பிறந்து, தென்னிந்தியர்களை விரட்டுவோம் என்று தெருத்தெருவாகக் கூச்சல் போட்ட காலம் நம் பெரியவர்களின் நெஞ்சில் இன்னும் ஆறாத புண். ஆனால் பள்ளி அந்தக் கட்சியின் சொத்தன்று. அங்கே ஆசிரியர் இருக்கிறார். பத்தாவதுவரையும் அதற்கு மேலும் தொடர்ந்து போக வழி இருக்கிறது. செமி இங்கிலீஷ் என்று கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்துகிற வகுப்புகளும் பல மராத்திப் பள்ளிகளில் உண்டு. மாநகராட்சி வேலைக்கும் போலீஸ் வேலைக்கும் மராத்தி எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். தாத்தா காலத்தில் வந்து பேரன் காலத்திலும் மராத்தியில் ஒரு மனு எழுத ஆள் தேடுகிறோம் என்றால் அது பெருமைப்படுகிற விஷயமா? மாலையில் தமிழ் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஓர் ஆள் இருக்கிற குடும்பம் மராத்திப் பள்ளியைத் தள்ளாமல் யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. வீட்டில் அப்படி ஆளில்லை, பிள்ளைக்குத் தமிழ் தவிர வேறு பேச்சு காதில் விழவில்லை என்றால், அந்தப் பிள்ளை தமிழ் வகுப்பில்தான் எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருந்தால்.

சிலர் பிள்ளையை ஊருக்கே அனுப்பிவிடுகிறார்கள். பாட்டி வீடு, அரசுப் பள்ளி. தமிழ்நாட்டில் 2022இல் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அப்படிப் படித்துவிட்டுக் கல்லூரி போகிற பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் 2022 முதலும், பையன்களுக்கு 2024 முதலும் கொடுக்கத் தொடங்கினார்கள். இவை உண்மையான ஆதாயங்கள். ஆறாம் வகுப்பில் அனுப்புவதென்று முடிவு செய்கிறவர்களை நான் தடுக்க மாட்டேன். ஆனால் ஆறு வயதுப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து ரயிலேற்றுவதைக் கல்வித் திட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊருக்குப் போய்த் திரும்புகிற பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானது என்று காரணம் காட்டி எந்த அரசுப் பள்ளியும் சேர்க்க மறுக்க முடியாது. 2009 சட்டத்தின் 5ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்றும் திருப்பி அனுப்ப முடியாது.

சரி, இரண்டாம் மாடித் தமிழ்ப் பள்ளியை என்ன செய்வது? மேடையில் செம்மொழி என்று முழங்கிவிட்டுத் தன் பிள்ளையைக் கான்வென்டில் சேர்த்த தலைவர் கூலிக்காரன் வீட்டுக்கு வந்து "தமிழ்ப் பள்ளியை விடாதே" என்று சொன்னால், கேட்கிறவனுக்குச் சிரிப்புத்தான் வரும். தமிழைக் காப்பாற்றும் சுமையை ஏழையின் பிள்ளை தலையில் மட்டும் ஏற்றுவது அநியாயம். அதே சமயம், பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று அந்தப் பள்ளியைச் சத்தமில்லாமல் மூடவிட்டு வாளாவிருப்பதும் அநியாயம். அரசியல் சட்டத்தின் 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் கொடுக்க மாநிலமும் உள்ளாட்சியும் முயல வேண்டும் என்கிறது. 1956இல் சேர்த்த பிரிவு அது. அதற்கும் முன்பு, 1949இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி ஒரு கணக்கு வைத்தார்கள்: ஒரு மொழி பேசும் பிள்ளைகள் பள்ளி முழுவதிலும் 40 பேர், அல்லது ஒரு வகுப்பில் 10 பேர் இருந்தால், அவர்கள் மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியர். பத்துப் பிள்ளை, ஓர் ஆசிரியர். இந்த எண்ணை எல்லோரும் மனத்தில் வையுங்கள்.

ஏனென்றால் தாராவி பெயரப் போகிறது. மறுசீரமைப்புக்காக 2024 மார்ச்சில் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருக்கிறவர்களுக்குத் தாராவிக்குள் வீடு. அதன் பிறகு வந்தவர்களுக்கும் மாடியில் இருக்கிறவர்களுக்கும் தாராவிக்கு வெளியே. குர்லா பால்பண்ணை நிலம், முலுண்ட் பக்கத்து உப்பளம், தேவ்னார் குப்பைமேடு என்று இடங்களின் பெயர்கள் அடிபடுகின்றன. வீட்டுக்கு எத்தனை சதுர அடி என்று கூட்டம் போட்டுக் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு வகுப்பில் இருக்கிற பத்துப் பிள்ளைகளை முலுண்டில் மூன்று, குர்லாவில் மூன்று, தேவ்னாரில் நான்கு என்று பிரித்துவிட்டால், எந்த இடத்திலும் அந்தப் பத்து தேறாது. தமிழ் ஆசிரியரைக் கேட்க நமக்கு எண்ணிக்கை இருக்காது. வீட்டைக் கணக்கெடுக்கிறபோதே, இந்த வீட்டுப் பிள்ளை எந்த மொழியில், எந்த வகுப்பில் படிக்கிறது என்று எழுதிக்கொள்ளச் சொல்லி யாராவது கேட்டோமா? புதிய குடியிருப்பில் எந்த மொழிப் பள்ளிகள் வரும் என்று ஒரு வரி எழுதி வாங்கினோமா?

இதோடு ஒட்டிய இன்னொரு சங்கதி. பள்ளிகளில் ஜெனரல் ரெஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. உங்கள் தாத்தா அந்த முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் இரண்டாவது படித்திருந்தால் அவர் பெயர், பிறந்த தேதி, சாதி எல்லாம் அதிலே இருக்கும். இந்த மாநிலத்தில் சாதிச் சான்றிதழுக்குப் போனால், பட்டியல் சாதியினரிடம் 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பும், இதர பிற்பட்டோரிடம் 1967 அக்டோபர் 13க்கு முன்பும் குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். அந்தப் பழைய ரெஜிஸ்டரின் ஒரு பக்கம்தான் பல குடும்பங்களுக்குக் கடைசி ஆதாரம். பள்ளியை மூடினாலோ வேறு பள்ளியோடு சேர்த்தாலோ அந்தப் புத்தகம் எந்த அலமாரிக்குப் போகிறது என்று எழுத்தில் கேட்க வேண்டும். மழைத்தண்ணீர் புகுகிற அறையில் போட்டுவிட்டால் போனது போனதுதான்.

பெயர் விஷயத்திலும் கவனம் வேண்டும். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். சேர்க்கைப் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். ஒரு பிள்ளைக்குத் தகப்பன் பெயர், அடுத்த பிள்ளைக்குத் தாத்தா பெயர், மூன்றாவதற்குச் சாதிப் பெயர் என்று அந்தந்த ஆண்டு இருந்தவர் எழுதிவிடுகிறார். பத்தாவது முடித்து வேலைக்கு வருகிறபோது ஆதார் ஒரு பெயர், சான்றிதழ் ஒரு பெயர். சேர்க்கிற அன்றே ஒரு காகிதத்தில் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். இதற்குச் சங்கத்துக்கு வந்தால் எழுதிக் கொடுக்கிறோம், ஒரு பைசா வேண்டாம்.

நம் சங்கம் எதைக் கேட்க வேண்டும்? தமிழ்ப் பள்ளி இருக்கிற இடத்தில் எண்ணிக்கை குறைந்தாலும் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும், பத்தாவதுவரை வழி வேண்டும். அதைவிட முக்கியமாக, தமிழ்ப் பிள்ளைகள் கூட்டமாகப் படிக்கிற மாநகராட்சி ஆங்கிலப் பள்ளியிலும் மராத்திப் பள்ளியிலும் தமிழை ஒரு பாடமாக வைக்க வேண்டும். பிள்ளை ஆங்கிலத்தில் கணக்குப் படிக்கட்டும். 2020இல் வந்த சட்டப்படி மராத்தியும் கட்டாயமாகப் படிக்கட்டும். அதே மாடியில் ஒரு பீரியட் தமிழும் படிக்கட்டும். இரண்டாம் மாடியில் இருக்கிற தமிழ் ஆசிரியைக்கும் அப்போது வேலை போகாது. 2025இல் மூன்றாம் மொழிச் சண்டை வந்ததே, நினைவிருக்கிறதா? ஏப்ரலில் ஒன்றாம் வகுப்பு முதல் இந்தி என்று உத்தரவு போட்டார்கள். ஜூன் 17இல் அதைத் திருத்தி, ஒரு வகுப்பில் 20 பிள்ளைகள் கேட்டால் வேறு இந்திய மொழி கற்பிக்கலாம் என்றார்கள். மராத்தி மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஜூன் 29இல் இரண்டு உத்தரவுகளையும் அரசு திரும்பப் பெற்றது. அந்த இரண்டு மாதத்தில் தாராவியிலிருந்து "எங்கள் வகுப்பில் 20 பேர் இருக்கிறோம், எங்களுக்குத் தமிழ் கொடு" என்று ஒரு மனு போனதா? எனக்குத் தெரிந்து போகவில்லை. இந்தித் திணிப்பை எதிர்த்து வளர்ந்தவர்கள் என்று மார் தட்டுகிற நாம், கதவு ஓர் அங்குலம் திறந்தபோது வெளியே நின்று வேடிக்கை பார்த்தோம்.

மனு எழுதுவது சுலபம், பின்தொடர்வதுதான் பாடு. 2022 மார்ச்சில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்து பல ஆண்டுகள் தேர்தலே இல்லாமல் நிர்வாகம் அதிகாரி கையில் இருந்தது. கவுன்சிலர் வீட்டு வாசலில் நின்று பழகிய நம்மவர்களுக்குக் கை உடைந்த மாதிரி ஆயிற்று. அப்போதும் ஒரு கதவு திறந்தே இருந்தது, இப்போதும் இருக்கிறது. 2009 சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் பள்ளி நிர்வாகக் குழு உண்டு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு என்ன தேவை என்று வளர்ச்சித் திட்டம் எழுதுகிற அதிகாரம் அந்தக் குழுவுக்கு இருக்கிறது. நம் பிள்ளைகள் படிக்கிற பள்ளிகளில் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தேன். பல பள்ளிகளில், உறுப்பினராக இருக்கிற தாய்க்கே தான் உறுப்பினர் என்று தெரியாது. "ஒரு நாள் டீச்சர் கையெழுத்து கேட்டாங்க, போட்டேன் அண்ணே" என்கிறார்.

கூட்டம் பகல் பதினோரு மணிக்கு. வீட்டு வேலைக்குப் போகிற அக்காவும் பட்டறையில் நிற்கிற தம்பியும் அந்த நேரத்தில் எப்படி வருவார்கள்? ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே முதல் வேலையாக, குழுக் கூட்டத்தை மாலை ஏழு மணிக்கோ ஞாயிற்றுக்கிழமையோ வைக்கச் சொல்லி நான்கு மொழிப் பள்ளிகளின் பெற்றோரும் சேர்ந்து ஒரு மனு கொடுக்கப் போகிறோம். மராத்தி, இந்திப் பெற்றோரிடமும் பேசியாயிற்று, அவர்களுக்கும் இதே கஷ்டம்தான். மனு மராத்தியில் எழுதியிருக்கிறது, சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளியின் யூடைஸ் எண் மூன்றையும் எழுதிக்கொண்டு, சேர்க்கை முடிவதற்குள் வந்து கையெழுத்திடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் ரேகை வைக்கலாம், செல்லும்.